மேற்கே பார்த்து ஏறியவன்

பாரதக் கூத்தில் அர்ச்சுனன் ஏறுகிற தபசு மரத்துக்கு அந்த வருஷம் ஏரிக்கரைப் பனையை வெட்டினோம். வெட்டின ஆட்களில் பாதிப்பேருக்குக் கண் சிவந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கோடாலி பிடித்தவன் ஒரு போடு போட்டுவிட்டுத் தோளில் கண்ணைத் துடைப்பான். அடுத்த போடு எங்கே விழுமோ என்று பக்கத்தில் நிற்கிறவன் காலை இழுத்துக்கொள்வான்.

மெட்ராஸிலிருந்து பஸ் ஏறி வந்த கண்வலி அது. பேரே மெட்ராஸ் ஐ. எண்பத்தொன்றாம் வருஷம், ஆனி மாசம். உத்திரமேரூர் பஜாரில் பாதிக் கடை சாத்திக் கிடந்தது. சாலவாக்கம் போகிற பஸ்ஸில் கண்டக்டர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ரூபாய் நோட்டை மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்துச் சீட்டுக் கிழித்தார். மானாம்பதிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் வேடப்பாக்கத்துக்குள் அது வந்து சேர்ந்தபோது, கோயிலில் கொடி ஏறி, காப்புக் கட்டி, பாரதக் கூத்து பாதி நடந்திருந்தது.

காப்புக் கட்டின திருவிழாவை நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் திரௌபதை அம்மன் வனவாசத்திலேயே நின்றுபோவாள். சுகாதார ஆபீஸ்காரர் ஒருவர் சைக்கிளில் வந்து, கூட்டம் சேர்க்காதீர்கள் என்று சொல்லிப் பார்த்தார். தர்மகர்த்தா தாமோதரன் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"அர்ச்சுனன தபசுக்கு அனுப்பாம நாங்க எப்பிடி சார் சோறு துன்றது? நீங்களே சொல்லுங்க."

அவர் இளநீரைக் குடித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். கடைசியில் ஊர் கூடி ஒரு கட்டுப்பாடு வைத்தது. கண்வலி வந்தவர்கள் கூத்துக் களத்துப் பக்கம் வரக் கூடாது. தண்டோரா போட்டாயிற்று. கண்வலிக்காரரை நேருக்கு நேர் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எல்லோரும் நம்பின விஷயம்.

வெட்டின பனையைச் செதுக்கி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் துளை போட்டு, கால் வைத்து ஏற முளை அடித்தது கன்னியப்பன். தபசு ஏறப்போகிறவனும் அவன்தான். வெயில் காலத்தில் கிணறு தூர் எடுப்பான், ஓலை வெட்டுவான். கூத்துக் காலத்தில் அர்ச்சுனன். மரத்தை நிமிர்த்தி நட்டபோது அவன் ஏரிக்குக் குளிக்கப் போயிருந்தான். நாங்கள் இழுத்த வடம் உராய்ந்து, நடு மரத்துக்கு மேலே வலப்பக்கத்து முளை ஒன்று பிடுங்கிக்கொண்டது. எங்களோடு வடம் இழுத்த முனியன் ஏறி, பழைய துளை பிளந்துபோச்சென்று ஒரு முழம் மேலே, கொஞ்சம் பின்பக்கமாகத் தள்ளி வேறு துளை போட்டு அடித்துவிட்டு இறங்கினான். யாரும் அதைப் பெரிசாக நினைக்கவில்லை. பார்த்து ஏறுகிறவனுக்கு ஒரு முழம் தள்ளியிருந்தால் என்ன?

கன்னியப்பன் பெண்டாட்டி கனகா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. அவளுக்குக் கண்வலி. இரண்டு இமையும் ஊறவைத்த மொச்சை மாதிரி உப்பியிருந்தன. நந்தியாவட்டைப் பூவைக் கண்மேல் வைத்துக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பாள். காப்புக் கட்டினவன் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. கோயிலிலேயே படுக்கை, ஒருவேளைச் சோறு. புருஷன் தன் முகத்தைப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்று அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

தபசன்றைக்குக் காலையில் அவள் தங்கை பாஞ்சாலி கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலியைப் புள்ளலூரில் கொடுத்திருந்தது. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் வயிறு திறக்கவில்லை. பிள்ளை இல்லாத பெண்கள் ஏரியில் முழுகி, ஈரத்துணியோடு தபசு மரத்தைச் சுற்றிக் குப்புறப் படுக்க வேண்டும். அர்ச்சுனன் உச்சிக்குப் போய்ப் பழம் எறிகிற வரைக்கும் தலை தூக்கக் கூடாது. மேலே விழுகிற எலுமிச்சம்பழத்தைக் கொண்டுபோய்ச் சாப்பிட்டால் மடி நிறையும். அதற்குத்தான் அவளை மாமியார் ஜெயம்மாள் அழைத்து வந்திருந்தாள். கண்வலி வீட்டில் தங்கமாட்டேன் என்று ஜெயம்மாள் அடுத்த தெருவில் ஒரு உறவுக்காரர் வீட்டில் இறங்கிக்கொண்டாள்.

"உங்க மாமியாரு இன்னாதான்டி சொல்றாங்க?" என்று கட்டை அவிழ்க்காமலே கேட்டாள் கனகா.

"இன்னா சொல்லுவாங்க? இந்தத் தபசு மட்டும் பாக்கலாம்ன்றாங்க. சாலவாக்கத்துல ஒரு பொண்ணு பாத்து வெச்சிகீறாங்களாம். அதையும் எங்கிட்டயே சொல்றாங்க, சந்தையில கத்திரிக்கா பாத்துட்டு வந்தத சொல்றாப்பல."

"ஒம் புருசன் வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"அவுரு ஏரு கட்டிக்கினு போனாருன்னா அவுங்கம்மா கூப்ட்டாதான் வருவாரு. நான் கூப்ட்டா மாடுகூடத் திரும்பறதில்ல." பாஞ்சாலி கூழைச் சொம்பில் ஊற்றி அக்கா கையில் வைத்தாள். "குடி. மோர் மொளகா வறுக்கலாம்னா, காப்புக் கட்டின ஊர்ல தாளிக்கக் கூடாதுன்னு பக்கத்து வூட்டம்மா மொறைக்குது. பச்ச வெங்காயம் கடிச்சிக்கோ."

அப்போதுதான் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. உத்திரமேரூர் பீர் முகம்மது. மற்ற நாளில் வளையல், ரிப்பன் விற்பார். கண்வலி வந்ததிலிருந்து ஒரு தட்டி நிறையக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊர் ஊராக வருகிறார்.

"கண்ணாடி வாங்கிக்க தங்கச்சி. வெளிச்சம் கூசாது. சினிமாக்காரி கணக்கா கீலாம்."

"போ பாய். இந்த மூஞ்சிக்கு சினிமா ஒண்ணுதான் கொற." கனகா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். "நீ தள்ளி நில்லு. என்னப் பாத்து உனுக்கு வந்துட்டா பொயப்பு கெட்டுப்பூடும்."

"பார்வையில ஒட்டாதும்மா. பார்வையில ஒட்டினா இந்த ஜில்லாவுல மொத ஆளா எனக்கு வந்திருக்கணும். எத்தினி கண்ண நேருக்கு நேரா பாக்கறேன்! ஆஸ்பத்திரில சொன்னாங்க, கையிலயும் துணியிலயும்தான் ஒட்டுமாம். எங்க வூட்டுல எம் பொண்ணு வகிதாவுக்கு வந்துச்சி. அவ மூஞ்சி தொடச்ச துண்டுல யாரு யாரு தொடச்சாங்களோ அத்தினி பேருக்கும் வந்துச்சி. நான் தனித்துண்டு. தப்பிச்சேன்."

கனகா கூழ்ச் சொம்பைக் கீழே வைத்தாள். பீர் முகம்மது மேலும் ஏதோ சொல்லிவிட்டு மணி அடித்துக்கொண்டு போனார். அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

தபசுக்கு உடுத்துகிற வேட்டியையும் துண்டையும் ஏறுகிறவன் பெண்டாட்டிதான் மஞ்சள் தண்ணீரில் அலசி அனுப்ப வேண்டும். அது எங்கள் ஊர் முறை. முந்தாநாள் அவள்தான் அலசினாள். கண்ணில் நீர் வடிய வடிய, கையிலிருந்த அந்தத் துண்டின் முனையாலேயே ஒற்றி ஒற்றி அலசினாள். புருஷன் தன்னைப் பார்த்துவிடக் கூடாது என்று முகத்தை மூடிக்கொண்டு அத்தனை கவனமாக இருந்தவள், துண்டை மடித்துப் பாஞ்சாலி கையில் கொடுத்தனுப்பினாள்.

"பாஞ்சாலி. அந்தத் துண்ட மாமா இன்னா பண்ணாரு?"

"தோள்ல போட்டுக்கினாரு. மூஞ்சி தொடச்சாரு. துண்ட வேற இன்னா பண்ணுவாங்க?"

"ஓடு. கோயிலுக்கு ஓடிப்போயி அவுரு கண்ணு எப்பிடிக் கீதுன்னு பாத்துக்கினு வா. யாருங்கிட்டயும் வாய் தொறக்காத."

பாஞ்சாலி போய் வருகிற நேரத்துக்குள் கனகா பூக்கட்டை அவிழ்த்துப் போட்டாள், மறுபடி கட்டினாள், வாசலுக்கும் தோட்டத்துக்குமாக நடந்தாள். பாஞ்சாலி திரும்பி வந்து கதவோரம் நின்றாள்.

"சொல்லுடி."

"ஒரு கண்ணு மூடியே போச்சிக்கா. இன்னொண்ணு செவந்து கீது. கோயிலு பின்னால சுவத்தப் பாத்துக்கினு குந்திக்கினு கீறாரு. கேட்டா தூக்கம் இல்லன்னு எல்லாருங்கிட்டயும் சொல்லிக்கினு கீறாராம். உங்கக்காகிட்ட சொல்லிடாதன்னாரு."

கனகா கிளம்பிவிட்டாள். "நான் தர்மகர்த்தாகிட்டப் போறேன். ஏறக் கூடாது. உசுரு போனா வருமா?"

பாஞ்சாலி தடுக்கவில்லை. தடுக்காமல் நின்றதுதான் கனகாவை நிறுத்தியது. மங்கலாகத் தெரிந்த அந்த முகத்தை அவள் பார்த்தாள். வேறு ஆள் ஏற முடியாது. காப்பு அவனுக்குத்தான் கட்டியிருக்கிறது. தபசு நின்றால் பழம் இல்லை. பழம் இல்லாமல் பாஞ்சாலி புள்ளலூர் திரும்பினால் அதற்கப்புறம் சாலவாக்கத்துப் பெண்தான்.

"போக்கா," என்றாள் பாஞ்சாலி. "போயி சொல்லு. நான் ஒண்ணும் நெனச்சிக்கமாட்டேன்."

"நெனச்சிக்காதவ ஏண்டி மூஞ்சத் திருப்பிக்கினு சொல்ற?"

தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். கன்னியப்பன். வாசப்படி மிதிக்கக் கூடாதென்று வைக்கோல் போரைச் சுற்றி வந்து நொச்சி வேலிக்கு வெளியே நின்றான். தலையில் ஈரத்துண்டு, கையில் காப்பு மஞ்சள். ஒருக்களித்துக்கொண்டு நின்றதால் நல்ல கண் மட்டும் தெரிந்தது. அந்த நல்ல கண்ணும் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தது.

"இவ போன வேகத்தப் பாத்தே நெனச்சேன், நீ கெளம்பிடுவேன்னு," என்றான். "ஊரக் கூட்டாத."

"இன்னாய்யா வெளையாடறியா? ஒத்தக் கண்ண வெச்சிக்கினு எப்பிடி ஏறுவ? எல்லாம் நான் பண்ண பாவம். அந்தத் துண்டுலதான்..."

"துண்டு பண்ணல, ஒண்ணும் பண்ணல. கூத்துல பாதிப்பேருக்குக் கீது. ஒரே கொட்டாங்குச்சி அரிதாரம், ஒரே குச்சி. அரிதாரம் பூசினா செவப்பு யாருக்குத் தெரியப்போவுது?"

"மத்தவங்களுக்குத் தெரியலன்னா சரி. உனுக்கு மரம் தெரியணுமே?"

"கெணத்துக்குள்ள எறங்கறனே, அங்க இன்னா லைட்டா போட்டு வெச்சிகீறாங்க? காலு தேடிக்கும். அந்த மரத்துல ஒவ்வொரு மொளையும் நான் அடிச்சது. எது எங்க கீதுன்னு என் கைக்குத் தெரியும்."

"எதிர்வெயிலு?"

அவன் மரம் இருந்த பக்கம் திரும்பினான். மரத்துக்கு மேற்கேதான் கோயில். அம்மனுக்கு முதுகு காட்டி ஏறக் கூடாது. தபசு ஏறுகிறவன் மேற்கே பார்த்துத்தான் ஏற வேண்டும். ஏறுகிற நேரத்தில் பொழுது கோயில் கோபுரத்துக்கு நேர் மேலே நிற்கும். நல்ல கண்ணுக்கே கூசும்.

"நம்ம பொண்ணு வந்து கீது," என்று பாஞ்சாலி பக்கம் தலையாட்டினான். "வருசா வருசம் ஊரான் வூட்டுப் பொண்ணுக்கெல்லாம் எறியறேன். இதுக்கு எறியாம இன்னா மயிருக்குக் காப்புக் கட்டினது?"

"மாமா, நான் கேக்கல," என்றாள் பாஞ்சாலி.

"நீ கேட்டாதான் செய்வனா?" அவன் துண்டைத் தூக்கி முகத்தைத் துடைக்கப் போனான்.

"அந்தத் துண்டால தொடைக்காதய்யா!" என்று கத்தினாள் கனகா.

அவன் சிரித்தான். துண்டைச் சுருட்டி வேலிமேல் போட்டுவிட்டுப் போனான். நடையில் எப்போதும் இருக்கிற விசை இல்லை. வைக்கோல் போரைக் கையால் தொட்டுக்கொண்டு போனதைப் பாஞ்சாலி பார்த்தாள். அக்காவிடம் சொல்லவில்லை.

பொழுது சாயத் தொடங்கியதும் களத்தில் மத்தளம் கேட்டது. குழாய் ஸ்பீக்கரைக் கனகா வீட்டுப் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் காதை மட்டும் களத்துக்கு அனுப்பினாள். பாஞ்சாலி எப்போதோ ஏரிக்குப் போய்விட்டாள். இந்நேரம் ஈரச்சேலையோடு மண்ணில் முகம் பதித்துப் படுத்திருப்பாள்.

தபசு மரத்தில் ஒவ்வொரு முளைக்கும் ஒரு பாட்டு. பாட்டு முடிந்து, கீழே பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுகிறபோது அடுத்த முளைக்குக் கால் போகும். கன்னியப்பன் குரல் எழும்பியது. கரகரப்பு இருந்தது, நடுக்கம் இல்லை. ஒரு பாட்டு முடிந்தால் கனகாவின் கை முழங்காலைப் பிடிக்கும். அடுத்தது தொடங்கினால் விடும். அப்படிப் பிடித்தும் விட்டும் எத்தனை பாட்டுப் போனதோ.

"ஏறினேனே ஈசனே, இன்னும் உன்னைக் காணலையே..."

பின்பாட்டு அதை வாங்கியது. பாடி முடித்தது. மேலே குரல் வரவில்லை. பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை மறுபடியும் பாடினார்கள். முகவீணைக் குழல் தனியாக இழுத்தது. அப்போதும் வரவில்லை. "கோவிந்தா! கோவிந்தா!" என்று கூட்டம் சத்தம் போட்டது. அர்ச்சுனன் நிஜமாகவே தபசில் நின்றுவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கனகாவுக்கு உட்கார முடியவில்லை. கட்டுப்பாடு, தண்டோரா எல்லாம் மறந்து கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். வெளிச்சம் ஊசி மாதிரி கண்ணில் குத்தியது. சத்தம் வந்த திசைதான் வழி. களத்து ஓரத்தில் இருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்து விலகினார்கள்.

"ஏய், கண்ணு வலிடி அவளுக்கு! பாக்காதீங்க!"

"ஏம்மா, உனுக்கு அறிவு கீதா?"

விலகியதில் அவளுக்கு வழி கிடைத்தது. மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். வானம் முழுக்க மஞ்சள் நெருப்பாக இருந்தது. அதற்கு நடுவில் கறுப்பாக ஒரு கோடு. அவ்வளவுதான் தெரிந்தது. கோட்டின்மேல் புருஷன் எங்கே இருக்கிறான் என்றுகூடத் தெரியவில்லை.

நாங்கள் பார்த்தது இது. நடு மரத்துக்கு மேலே, இடது முளையில் நின்றுகொண்டு, இடது கையால் மரத்தைக் கட்டிக்கொண்டிருந்தான் கன்னியப்பன். இரண்டு கண்ணும் மூடியிருந்தன. அரிதாரத்தின்மேல் நீர் கோடு போட்டு இறங்கியது. வலது கை மரத்தைத் தடவியது. முளை இருந்த இடத்தில் வெறும் துளை. விரல் அந்தத் துளைக்குள் போய் வந்தது. மறுபடியும் போய் வந்தது. இடது கால் மெல்ல நடுங்கத் தொடங்கியது. அதையும் சாமி வந்த நடுக்கம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யோவ்! எங்கய்யா கீற?" என்று கத்தினாள் கனகா. மரம் இருந்த பக்கத்துக்கு இல்லை, கொஞ்சம் தள்ளிக் காற்றைப் பார்த்துக் கத்தினாள். காலடியில் ஈரச்சேலைகள் கிடந்தன. அதில் எது தங்கை என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டாள். வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டாள்.

ஈரச்சேலைகளில் ஒன்று எழுந்தது.

நெற்றியிலும் மூக்கிலும் மண்ணோடு பாஞ்சாலி எழுந்து நின்று மேலே பார்த்தாள். "ஐயோ, எய்ந்திருச்சிட்டாளே!" என்று யாரோ சொன்னார்கள். அவளுக்குப் பின்னால் கூட்டத்தில் முதல் வரிசையில் ஜெயம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா! நான் பாஞ்சாலி. அந்த மொள அங்க இல்ல. இன்னும் ஒரு மொழம் மேல. பின்பக்கமா கைய வுடுங்க."

மேலே கை நகர்ந்தது. எட்டவில்லை.

"இன்னும் மேல. அங்கதான், அங்கதான். கொஞ்சம் அந்தாண்ட. புடிச்சிட்டீங்க! இப்ப வலது கால கீய வுட்றாதீங்க. மரத்துல ஒட்டினாப்பல தூக்குங்க. இன்னும். வெய்ங்க!"

கால் பதிந்தது. களம் முழுக்க ஒரு மூச்சுச் சத்தம். அப்போதுதான் எங்களுக்கெல்லாம் புரிந்தது. மத்தளக்காரர் கை அந்தரத்தில் நின்றது. முனியன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் தொற்றி, அவனுக்குக் கீழே ஏறத் தொடங்கினான்.

"கண்ணு தெரியாதவனையாடா ஏத்திட்டோம்?" என்று தாமோதரன் யாரையோ கேட்டார்.

இனி இறங்கிவிடுவான் என்று நினைத்தோம். அவன் கரகரத்த குரலில் அடுத்த பாட்டைத் தொடங்கினான். பின்பாட்டுக்காரர்கள் திடுக்கிட்டு வாங்கிப் பாடினார்கள். அதற்குமேல் உச்சி வரைக்கும், அவன் பாட்டு முடிந்ததும் பாஞ்சாலியின் குரல், அப்புறம் பின்பாட்டு என்று போனது. "இடது கை. இன்னும் கொஞ்சம். ஆங், வெய்ங்க." அவள் குரல் உடையவே இல்லை. உச்சிப் பலகையில் அவன் உட்கார்ந்ததும்தான் அவள் முகத்து மண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் பலகையில் கட்டியிருந்த கூடையிலிருந்து வில்வ இலையும் பழமுமாக நாலா பக்கமும் எறிந்தான். குப்புறக் கிடந்த முதுகுகளில் எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டது. "கண்ணு வலிக் கையால எறிஞ்ச பழம்டி," என்று ஒருத்தி முணுமுணுத்தாள். ஆனாலும் யாரும் பழத்தை விடவில்லை. பாஞ்சாலி காலடிக்கும் ஒன்று உருண்டு வந்தது. எழுந்தவளுக்குப் பழம் கிடையாது. அவள் அதைப் பார்த்தாள், குனியவில்லை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தபடியே நின்றாள். முனியன் ஒவ்வொரு காலாகப் பிடித்து வைத்துக் கன்னியப்பனைத் தரையில் இறக்குகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். திரும்பிப் பார்த்தபோது ஜெயம்மாளைக் காணவில்லை.

"போய்ட்டாங்கக்கா," என்றாள் பாஞ்சாலி.

அன்றைக்கு அவர்கள் வீட்டில் கூழ் அப்படியே புளித்தது.

மறுநாள் விடிந்ததும் ஜெயம்மாளே வந்துவிட்டாள். சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். இரண்டு கண்ணும் ஒட்டிக் கிடந்தன. தங்கியிருந்த வீட்டில் துடைப்பதற்குக் கொடுத்த துண்டோ என்னவோ.

"அடியே பாஞ்சாலி. இந்தப் பேஜாரு புடிச்ச ஊருக்கு வந்து எனுக்கும் ஒட்டிக்கிச்சி. பஸ்ல ஏத்தமாட்டேன்றான் அந்தக் கண்டக்டரு. அவனே கண்ணாடி போட்டுக்கினு கீறான், அவன் இன்னா சொல்றான்! நடந்தே போவலாம். மூட்டைய எட்து வெயி."

கனகா எழுந்து வந்து, "அத்தே, அவ வேணும்னு எய்ந்திருக்கல..." என்று தொடங்கினாள்.

"நீ கம்னு குந்து. ஒன் கண்ணப் பாரு மொதல்ல," என்றாள் ஜெயம்மாள்.

ஏரிக்கரை வழியாகப் போனார்கள். கரைமேல் மழை அறுத்த பள்ளங்கள். ஜெயம்மாள் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். வெயில் ஏறியது.

"அத்தே, முன்னால பள்ளம். வலது கால எட்டி வெய்ங்க. இன்னும். வெய்ங்க."

ஜெயம்மாள் காலை எட்டி வைத்தாள். பள்ளம் தாண்டியதும் அங்கேயே நின்றாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை விரலால் தேடி அவிழ்த்தாள். பாஞ்சாலி குனிந்து எடுக்காத, மண் ஒட்டின அந்த எலுமிச்சம்பழத்தை அதிலிருந்து எடுத்து, மருமகள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று தெரியாமல் காற்றில் நீட்டினாள்.

"இந்தா. கழுவிட்டுத் துன்னு."

பாஞ்சாலி வாங்காமல் நின்றாள். "எய்ந்திருச்சவளுக்கு ஆவாதாமே அத்தே."

"ஆவுதோ ஆவலியோ." ஜெயம்மாள் அவள் கையைத் தேடிப் பிடித்துப் பழத்தை வைத்து மூடினாள். "அடுத்த வருசமாவது எய்ந்திருக்காம ஒயுங்கா படுத்துக் கெட."

பாஞ்சாலி பழத்தை மடியில் கட்டிக்கொண்டாள். மாமியாரின் கையை எடுத்துத் தன் தோளில் மறுபடியும் வைத்தாள்.

"இங்க மேடு அத்தே," என்றாள். "பாத்து வாங்க."